கைநாட்டும் கையெழுத்தும்

தங்கம் கிடைத்த ஊர்களைப் பற்றி எழுதப்பட்டிருப்பவை எல்லாம் ஒரே நாடகக் கம்பெனி ஊர் ஊராகப் போட்ட ஒரே நாடகம் போல இருக்கின்றன. ஊர் மாறும், திரைச்சீலை மாறும், வேஷங்கள் மாறுவதில்லை. காசில்லாத ஒரு பழைய சிப்பாய் வருவான். அவன் கையில் ஒரு பழைய காகிதம் கிடைக்கும். சர்க்கார் அவனை நம்பாது. பிறகு எல்லாம் தெரிந்த ஒரு நிபுணர் வருவார். அவர் பின்னால் லண்டனில் பங்கு விற்கிறவர்கள் வருவார்கள். எல்லோரும் கைவிட்ட பிறகு கடைசிக் காசை வைத்து ஜெயிக்கிற ஒரு காப்டன் வருவான். 1848இன் கலிஃபோர்னியாவானாலும் 1851இன் விக்டோரியாவானாலும் இதுதான் கதை. இவர்களுக்கு 'சுவாரஸ்யமான மனிதர்கள்' என்று பெயர். நம் ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்களுக்கு இது என்றைக்கும் செலாவணியாகும் சரக்கு.

சுவாரஸ்யத்தின்மேல் எனக்கு விரோதமில்லை. சுவாரஸ்யமில்லாத சரித்திரம் அலுவலகக் கோப்புதான். என் கேள்வி வேறு. ஒரு மனிதன் சரித்திரத்தில் பாத்திரமாவதற்கு என்ன தகுதி வேண்டும்? கோலார் தங்கவயலைப் பற்றிக் கிடைக்கிறவற்றைப் படித்துவந்ததில் எனக்குத் தோன்றுவது, வீரம், விசித்திரம், மேதைமை எதுவும் முதல் தகுதி இல்லை என்பதே. அவன் எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்று மிஞ்சியிருக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் நம் மாநில எல்லைக்குள்ளேயே ஒரு சிறிய உதாரணம். கூடலூரைத் தாண்டியிருக்கும் தேவாலாவும் பந்தலூரும் இன்று தேயிலை ஊர்கள். 1880 வாக்கில் இவை தங்க ஊர்கள். தென்கிழக்கு வயநாடு என்று அன்று சொல்லப்பட்ட அந்தப் பகுதிக்கு, தங்கம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல, ராபர்ட் ப்ரோ ஸ்மித் என்பவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைக்கப்பட்டார். விக்டோரியாவின் சுரங்க இலாகாவில் செயலாளராக இருந்தவர். கீழே வேலைசெய்தவர்களைக் கொடுமைப்படுத்தினார் என்று விசாரணை நடந்து, 1876இல் பதவியை விட்டவர். இங்கு வருவதற்குச் சற்று முன்தான், 1878இல், விக்டோரியாவின் ஆதிகுடிகளைப் பற்றி அவர் தொகுத்த பெரிய நூல் இரண்டு பாகங்களாக வெளிவந்திருந்தது. இந்த முரண்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நாவலாசிரியன் முன்னூறு பக்கம் எழுதலாம்.

அவருடைய அறிக்கை 1880இல் வந்தது. அதன் சூட்டில் இங்கிலாந்தில் நாற்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. காகிதத்தில் அவற்றின் மூலதனம் நாற்பது லட்சம் பவுனுக்குக் குறையாது. எந்திரங்கள் வண்டிகளில் மலையேறின. சில வருஷங்களில் எல்லாம் முடிந்தது. பாறையில் தங்கம் இருந்தது, ஆனால் செலவுக்குக் கட்டும்படி இல்லை. எந்திரங்கள் காட்டுக்குள் துருப்பிடித்தன. ப்ரோ ஸ்மித் வருவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே அந்தக் காட்டில் குறும்பர்கள் ஓடை மணலை அரித்துத் தங்கம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு தங்கம் இருக்கிறது, எவ்வளவு இல்லை என்பதைத் தங்கள் வயிற்றைக் கொண்டு அளந்து வைத்திருந்தவர்கள். அவர்களை யாரும் நிபுணர்களென்று கூப்பிடவில்லை. அறிக்கை எழுதத் தெரியாதவர்களின் அறிவு அறிவாகக் கணக்கில் வராது என்பதற்கு லண்டன்காரர்கள் கட்டிய அபராதம் இது.

கோலாரில் நாடகம் இன்னும் பெரிது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு மடிந்த பிறகு, மைசூரின் எல்லைகளை அளந்து குறிக்கும் வேலை நடந்தது. 1802இல் கிழக்கெல்லையில் அந்த வேலையாக இருந்தவர் ஜான் வாரன் என்ற லெப்டினென்ட். உரிகத்துப் பக்கம் மண்ணில் தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு, காட்டுகிறவர்களுக்குப் பரிசு என்றார். கிராமத்தார் வண்டிகளில் மண் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே அலசினார்கள். அடியில் பொடி மின்னிற்று. பிறகு மாரிக்குப்பத்தில் அவர் பார்த்தது இன்னும் முக்கியம். அங்கே ஏற்கெனவே குழிகள் இருந்தன. பறையர்கள் பக்கவாட்டில் வெட்டிய பிடிகளில் கால்வைத்து உள்ளே இறங்கினார்கள். வெட்டிய கல் கூடைகளில் கைமாறிக் கைமாறி மேலே வந்தது. பெண்கள் அதைப் பெரிய பாறைமேல் போட்டு இடித்துத் தூளாக்கி அலசினார்கள். வாரன் இதையெல்லாம் நன்றாகவே எழுதிவைத்திருக்கிறார். சுரங்கம், ஏற்றம், அரவை, அலசல் என்று பின்னால் கோடிக்கணக்கான ரூபாய் எந்திரங்கள் செய்த எல்லாக் காரியங்களும் அந்த வர்ணனையில் மனிதக் கைகளால் நடக்கின்றன. அந்தக் கைகளுக்கு உரியவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை.

இதற்காக வாரனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சுலபம். அப்படிச் செய்தால் விஷயம் தப்பிவிடும். ஏனென்றால் வாரன் சாதாரண துரை இல்லை. இத்தாலியில் லிவோர்னோவில் 1769இல் பிறந்த பிரெஞ்சுக்காரர். அயர்லாந்திலிருந்து பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்த குடும்பம். பிரெஞ்சுப் புரட்சியில் தன் வர்க்கம் சரிந்தபின் இங்கிலீஷ் பட்டாளத்தில் சேர்ந்தவர். 1805 முதல் சில வருஷம் சென்னை வானாய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொண்டவர். கடைசிக் காலத்தைப் புதுச்சேரியில் கழித்து 1830இல் அங்கேயே இறந்தார். 1825இல் அவர் வெளியிட்ட 'கால சங்கலிதம்' நம்முடைய பஞ்சாங்கக் கணக்குகளைப் பற்றியது. அந்த நூலுக்காக அவர் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பிடித்து உட்கார வைத்தார். அந்த மனிதர் சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு 1825 மே 31, ஜூன் 1 இரவின் சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். ஏட்டில் ஒரு வரி எழுதவில்லை. கிரகணம் பிடிக்கும் நேரம் சில நிமிஷங்களே பிசகியது. விடும் நேரத்தில் பிசகு ஒரு மணிக்குச் சற்றுக் குறைவு. வான சாஸ்திரத்தின் கொள்கை எதுவும் இவருக்குத் தெரியாது, ஞாபக சக்திதான் அபாரம் என்று வாரன் குறிக்கிறார். கொஞ்சம் இளக்காரம் தொனிக்கிறது. ஆனாலும் அவர் பெயரை எழுதிவைத்தார். ஆங்கில எழுத்துக் கூட்டலில் அது சிதைந்திருக்கிறது. சாமிநாதன் சேஷையா என்று நாம் படித்துக்கொள்ளலாம்.

பெயரும் முறையும் சேர்ந்து பதிவானதால் என்ன ஆயிற்று என்பதைப் பாருங்கள். 1952இல் ஆட்டோ நாய்கபாவர் என்ற பெரிய கணித சரித்திரக்காரர் அந்தச் சோழிக் கணக்கை எடுத்து, தமிழ் வானியல் என்றே தலைப்பிட்டுக் கட்டுரை எழுதி, அதன் வேர்களைப் பண்டைய பாபிலோனியக் கணித முறைகள்வரை கொண்டு போனார். தரையில் சோழி பரப்பிய ஒரு மனிதர், நூற்றிருபத்தேழு வருஷம் கழித்து உலக விஞ்ஞான சரித்திரத்தில் ஒரு சாட்சியாக நின்றார். அதே வாரன், அதே கை, அதே கவனம். மாரிக்குப்பத்துக் குழியில் இறங்கியவர்களிடம் அவர் பெயர் கேட்கவில்லை, அல்லது கேட்டு எழுதத் தோன்றவில்லை. கணக்குப் போடுவது கல்வி, கல் வெட்டுவது உழைப்பு. கல்வி உள்ளவனுக்குப் பெயர் உண்டு, உழைப்புக்கு எண்ணிக்கை போதும். இந்தப் பாகுபாட்டை வாரன் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவர வேண்டியிருக்கவில்லை. அது இங்கேயே தயாராக இருந்தது.

அடுத்த பாத்திரம் மைக்கேல் ஃபிட்ஜெரால்ட் லவெல். ஐரிஷ்காரர். நியூஸிலாந்தில் மவோரிகளோடு நடந்த சண்டைகளில் இருந்துவிட்டு, ஓய்வுபெற்று பெங்களூர் கண்டோன்மெண்டில் குடியேறியவர். நியூஸிலாந்தில் தங்கம் தேடுகிறவர்களைப் பார்த்திருந்த மனசு சும்மா இருக்கவில்லை. வாரனின் அறிக்கையை எங்கோ படித்துவிட்டு 1871இல் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு கோலாருக்குப் போனார். 1873இல் மைசூர் அரசிடம் மனு. 1875இல் அனுமதி. ஆனால் கையில் பணமில்லை. இரண்டு வருஷத்தில் உரிமையைப் பணமுள்ள பட்டாள அதிகாரிகளுக்குக் கைமாற்றிவிட்டு ஒதுங்கினார். பெங்களூரில் அவர் பெயரில் ஒரு தெரு இருக்கிறது. அங்கே போய் நிற்கிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரியும் என்பது வேறு. பெயர்ப்பலகை இருக்கிறது.

1880இல் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனி உள்ளே வந்தது. மூன்று வருஷத்தில் மைசூர் கம்பெனி போட்ட பணம் அநேகமாகக் கரைந்துவிட்டது. மிச்சத்தைப் பங்குதாரர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூட்டை கட்டலாம் என்ற நிலை. அப்போதுதான் காப்டன் பிளம்மர் என்பவர் சாம்பியன் தாதுப் படிவத்தைத் தொட்டார். பழங்காலத்து ஆட்கள் தோண்டிக் கைவிட்டிருந்த குழிகளைப் பின்பற்றி, அவற்றின் அடிக்குக் கீழே அவர் இறங்கினார். அவர்கள் தண்ணீரையும் காற்றையும் சமாளிக்க முடியாமல் நிறுத்திய இடத்தில் இவர் ஆரம்பித்தார். கம்பெனி பிழைத்தது, நூற்றாண்டுக்கு மேல் தங்கம் வந்தது. இதைப் பிளம்மரின் அதிர்ஷ்டம் என்று எழுதுகிறார்கள். பெயர் தெரியாத சிலர் முந்திய நூற்றாண்டுகளில் சரியான இடத்தை அடையாளம் காட்டிவிட்டுப் போயிருந்தார்கள் என்றும் எழுதலாம்.

அதன்பின் ஊர் வளர்ந்த வேகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1890களில் பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்துக்கு ரயில். 1902 ஜூனில் சிவசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து மின்சாரம். அன்று உலகத்திலேயே அவ்வளவு தூரம் போன மின்கம்பி இல்லை. பெங்களூர் விளக்குகளுக்கு இன்னும் மூன்று வருஷம் இருந்தது. ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை என்று பேட்டைகள். கார்ன்வாலிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்த சுரங்கக்காரர்கள், ஆங்கிலோ இந்தியர்கள், கிளப்புகள், மாதாகோயில்கள். சுரங்க வாய்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு துரை பெயர்: கிஃபோர்ட், ஹீத்கோட், எட்கர், புல்லன். இத்தனை பெயர்களுக்கும் கீழே தட்டி வீடுகளிலும் லைன்களிலும் வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தமிழர்கள். பெரும்பாலோர் தாழ்த்தப்பட்டவர்கள். உச்சத்தில் முப்பதாயிரம் பேர்வரை. இவர்கள் நம்பர்கள்.

நம்பர் என்பதை நான் அலங்காரமாகச் சொல்லவில்லை. மைசூர் அரசின் சுரங்கச் சட்டப்படி, ஒருவனிடம் தங்கம் கலந்த கல் இருந்தால் அது எப்படி வந்தது என்று வைத்திருக்கிறவன்தான் நிரூபிக்க வேண்டும். அதாவது ஊரே சந்தேகத்துக்கு உரியது. யார் எந்தச் சுரங்கத்தில், யார் எங்கிருந்து விலகி எங்கு சேர்ந்தான் என்பது தெரிய வேண்டும். 1930இல் தொழிலாளர் எல்லோருடைய விரல் ரேகையையும் பதிந்து வைப்பது என்று தீர்மானித்தார்கள். தொழிலாளர்கள் மறுத்தார்கள். சங்கம் என்று சொல்லிக்கொள்ள அங்கே எதுவும் வேர்விடாத காலம். ஏறத்தாழ மூன்று வாரம் வேலை நின்றது. கூலி உயர்வுக்காக நின்றது என்றால் எல்லோருக்கும் புரியும். விரல் நுனியில் மை தடவ மாட்டோம் என்று நின்றார்கள்.

இந்த மறுப்பை அறியாமை, பயம் என்று அன்றைய அதிகாரிகள் எடுத்துக்கொண்டிருப்பார்கள். என் உத்தியோகம் வங்கியில். நகைக்கடன் மேஜையில் சில வருஷம் இருந்திருக்கிறேன். உரைகல்லில் தேய்த்து மாற்றுப் பார்ப்பவர் ஒருவர், எடையை எழுதுபவன் நான். படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம். கையெழுத்துத் தெரிந்தவர்கள் பேனாவை வாங்கிக்கொள்வார்கள். தெரியாதவர்கள் கட்டைவிரலை நீட்டுவார்கள். அந்த விரலைப் பிடித்து மைப்பெட்டியில் ஒற்றி, காகிதத்தில் உருட்டி எடுப்பது எங்கள் வேலை. கையெழுத்துப் போடுகிறவரின் கையை நாங்கள் தொடுவதில்லை. கைநாட்டு வைக்கிறவரின் கையை அவருடைய அனுமதி இல்லாமலே பிடித்துக்கொள்கிறோம். வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. கையெழுத்து ஒருவன் தருவது, ரேகை ஒருவனிடமிருந்து எடுப்பது. கையெழுத்தில் அவன் தன்னைச் சொல்கிறான். ரேகையில் அவனை இன்னொருவன் படிக்கிறான், அதுவும் அவனுக்குத் தெரியாத பாஷையில்.

ரேகையின் பூர்வீகமும் அப்படித்தான். 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற சிவில் அதிகாரி, சாலைக்குச் சரளை தர ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரிடம் ஒப்பந்தத்தின் பின்புறத்தில் உள்ளங்கையைப் பதிய வாங்கினார். பின்னால் கையெழுத்து என்னுடையது இல்லை என்று சொல்லாமலிருக்கப் பயமுறுத்துவதே அப்போது நோக்கம் என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். போலீஸ் ஸ்டேஷனுக்கு ரேகை போனது அதற்கு அப்புறம். தங்கவயல்காரர்களுக்கு இந்தச் சரித்திரம் தெரிந்திருக்காது. ஆனால் கூலிக்காரனைக் கைதியின் புத்தகத்தில் எழுதுகிறார்கள் என்பது அவர்களுக்குப் புரிந்தது. அந்தப் புரிதல் எங்கிருந்து வந்தது?

எனக்குத் தெரிந்த பதில், நம் இலக்கிய சரித்திரக்காரர்கள் எட்டிப் பார்க்காத ஓர் இடத்தில் இருக்கிறது. வாரன் 1802இல் பெயரில்லாத பறையர்களைப் பார்த்தாரே, அதே மாரிக்குப்பத்தில் 1907இல் தென்னிந்திய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை ஒன்று ஏற்பட்டது. சங்கத்தைச் சென்னையில் தொடங்கியவர் பண்டிதர் அயோத்திதாசர். அதே 1907 ஜூனில் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வாரப் பத்திரிகையை ஆரம்பித்தார். விலையே பெயர். ஒரு வருஷம் கழித்து 'தமிழன்' ஆயிற்று. 1914இல் அவர் இறக்கும்வரை அதை நடத்தினார். அந்தப் பத்திரிகைக்கும் இயக்கத்துக்கும் முதுகெலும்பாக நின்ற ஊர்களில் முதன்மையானது தங்கவயல். சுரங்கத்தில் ஷிப்ட் முடித்து மேலே வந்தவர்கள் விஹாரத்தில் கூடினார்கள், சந்தா கட்டினார்கள், பத்திரிகையை வாசிக்கத் தெரிந்தவர் வாசிக்கத் தெரியாதவர்கள் கேட்டார்கள்.

இதற்குமேல் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அயோத்திதாசர் போனபின் நின்றுபோன 'தமிழ'னை, 1926இல் தங்கவயல்காரர்களே மறுபடி எழுப்பினார்கள். ஜி. அப்பாதுரையார் ஆசிரியர். 1930களின் நடுப்பகுதிவரை அது வந்தது. சாம்பியன் ரீஃபில் சித்தார்த்தா புத்தகசாலை என்று ஒன்றை வைத்து, அயோத்திதாசரின் எழுத்துக்களை நூல்களாகப் போட்டார்கள். எம்.ஒய். முருகேசர், ஈ. குருசாமி, ஏ.பி. பெரியசாமிப் புலவர் என்று ஒரு வரிசையே இருக்கிறது. மரபிலக்கியம் படித்தவர்கள், விவாதிக்கிறவர்கள், மேடையேறுகிறவர்கள். வேஷதாரி பிராமணர் என்ற அயோத்திதாசரின் கருத்தை வைத்துக்கொண்டு புராணங்களையெல்லாம் தலைகீழாகப் படித்தவர்கள். திருக்குறளையும் மணிமேகலையையும் பௌத்த நூல்களாகத் தங்கள் வீட்டுக்கு மீட்டுக்கொண்டவர்கள். அந்த வாசிப்புகள் எல்லாவற்றையும் நான் ஒப்புக்கொள்வதில்லை. சொற்களுக்கு அயோத்திதாசர் சொல்லும் பிறப்பு விளக்கங்களில் பல நிற்காது. ஆனால் ஒரு பிரதியை எழுதியவனுக்கு எதிராகவே வாசிப்பது என்ற காரியத்தை அவர் செய்திருக்கிறார். பாரிஸிலிருந்து அதற்கு ஒரு பெயர் வந்தபின் நம் பத்திரிகைகள் அதைப் பெரிய கண்டுபிடிப்பாகக் கொண்டாடின.

தேதிகளை மட்டும் வரிசையாக வைத்துப் பாருங்கள். தங்கவயல் 'தமிழன்' 1926. ரேகை மறுப்பு 1930. 'மணிக்கொடி' 1933. நாம் சிறுபத்திரிகையின் சரித்திரத்தை 'மணிக்கொடி'யில் ஆரம்பித்து 1959இன் 'எழுத்து'க்கு வந்து, 'நடை', 'கசடதபற' என்று நம்மிடம் கொண்டுவந்து முடிக்கிறோம். சொந்தக் காசு, சின்ன வட்டம், விளம்பரமில்லை, நஷ்டம், பிடிவாதம் என்பவைதான் சிறுபத்திரிகையின் லட்சணம் என்றால், மூவாயிரம் அடிக்கும் கீழே இறங்கி வேலைசெய்துவிட்டு வந்தவர்களின் அணாக்களில் நடந்த ஒரு பத்திரிகை எந்த லட்சணத்தில் குறைந்தது? இலக்கியப் பத்திரிகை இல்லை, பிரசாரப் பத்திரிகை என்று பதில் வரும். 'மணிக்கொடி'யும் அரசியல் பத்திரிகையாகத்தான் ஆரம்பித்தது. அதை நாம் சௌகரியமாக மறந்துவிட்டோம். அயோத்திதாசரின் சிந்தனைகளை ஞான. அலாய்சியஸ் தொகுத்துப் பாளையங்கோட்டையிலிருந்து வெளியிட்டது 1999இல். அதுவரை எண்பத்தைந்து வருஷம் நம் விமர்சனத்தில் அந்தப் பெயர் அநேகமாக இல்லை. வாரனாவது பஞ்சாங்கக்காரரின் பெயரைக் கேட்டு எழுதினார். நாம் அச்சில் இருந்த பெயர்களையே படிக்கவில்லை.

ஆகவே 1930இல் விரலை நீட்ட மறுத்தவர்களைப் படிப்பறிவில்லாத கூட்டம் என்று சொல்வதற்கில்லை. அவர்களில் பெரும்பாலோருக்கு எழுதத் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் தங்கள் பெயரில் ஒரு பத்திரிகை நடக்கும் ஊரில் அவர்கள் இருந்தார்கள். தன்னை அச்சில் ஒருமுறை பார்த்தவன், தன்னை மை ஒற்றிய விரலாக மட்டும் பார்க்கச் சம்மதிக்க மாட்டான். இரண்டுக்கும் நேர்க்கோடு போட்டுக் காட்ட என்னால் முடியாது, முடியும் என்று பாசாங்கு செய்யவும் மாட்டேன். ஒரே ஊரில், ஒரே லைன்களில், நாலு வருஷ இடைவெளியில் இரண்டும் நடந்தன என்பது போதுமான காரணம், இரண்டையும் சேர்த்துப் படிக்க.

சினிமாவுக்கு இந்த ஊர்மேல் திடீரென்று ஆசை வந்திருக்கிறது. கன்னடத்தில் வந்த 'கே.ஜி.எஃப்.' படங்கள் இரண்டிலும், 2018லும் 2022லும், ஊரின் பெயர் மட்டும்தான் இருக்கிறது. ஜனங்கள் கறுப்புத் தூசி பூசிய ஒரு பின்னணி. அவர்களை மீட்க ஒரு கதாநாயகன் வெளியிலிருந்து வர வேண்டும். பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' 2024இல் வந்தது. தங்கத்தைத் தோண்டியவனுக்கு ஒரு முகமும் பெயரும் மூதாதையும் கொடுக்க முயன்றது, அந்த அளவில் மரியாதைக்குரியது. ஆனால் அதுவும் தொன்மத்துக்குள் போய்விட்டது. தொன்மம் தேவைப்படுவது பதிவு இல்லாதவர்களுக்கு. தங்கவயல்காரர்களுக்குப் பதிவு இருக்கிறது. தேதி போட்டு, விலை போட்டு, ஆசிரியர் பெயர் போட்ட பதிவு.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. நூற்றிருபது வருஷத்தில் எண்ணூறு டன்னுக்கு மேல் தங்கம் எடுத்தார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனார்கள். அவ்வளவு ஆழத்தில் பாறை தானே வெடிக்கும். 1940களில் நடந்த பரிசோதனையில் பார்க்கப்பட்டவர்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் நுரையீரலில் கல்தூசி நோய். அதே ஆழத்தில், 1965இல், ஏழாயிரம் அடிக்குக் கீழே, டாடா ஆராய்ச்சி நிலையத்தார் ஜப்பானியர், இங்கிலாந்துக்காரர்களோடு சேர்ந்து, வானத்திலிருந்து வந்து பாறையைத் துளைத்துப் போகும் நியூட்ரினோவின் தடத்தை உலகத்திலேயே முதலில் பிடித்தவர்களில் ஒருவரானார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்று அந்தக் குழிக்குள் தடம் விட்டது பௌதிக சரித்திரத்தில் ஏறிவிட்டது. இன்று மிஞ்சியிருப்பது சயனைடு மண்மேடுகளும், காலையில் பெங்களூருக்கு ரயிலேறி இரவு திரும்புகிற ஜனங்களும்.

நான் குடியிருப்பது மண்ணூரில். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு ஆள் தங்கும் ஊர்களில் ஒன்று. ஏரியும் நெல்லும் இருந்த நிலத்தில் வரிசை வரிசையாக வாடகை அறைகள். வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து முன்பு கோலாருக்குப் போனவர்களின் பேரன்கள் சிலர் இப்போது இங்கே வருகிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் மற்றவர்கள். தங்கம் என்ற பேச்சு இல்லையே தவிர ஊரின் சுபாவம் அதேதான். நிலத்தின் விலை ஏறுகிறது, வந்தவர்கள் தங்குவதில்லை, எந்தத் தொழிற்சாலை எப்போது கதவைச் சாத்தும் என்பது யாருக்கும் தெரியாது. 2006இல் திறந்த நோக்கியா 2014இல் மூடிற்று. ஆயிரக்கணக்கானோர் வீட்டுக்குப் போனார்கள். ஷிப்டுக்குப் போகிற பையன்கள் காலையும் மாலையும் விரலை வைத்துத்தான் உள்ளே போகிறார்கள், வெளியே வருகிறார்கள். 1930இல் மூன்று வாரம் சுரங்கங்களை நிறுத்திய விஷயம் இன்று யாரும் கவனிக்காத ஒரு பழக்கம். மை இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் 2024இல் இங்கே ஸாம்ஸங் தொழிலாளர்கள் செப்டம்பர் 9இலிருந்து ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தபோது, விவகாரத்தின் மையம் கூலி மட்டுமாக இருக்கவில்லை. சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது. அந்தச் சங்கத்தின் பெயரில் கம்பெனியின் பெயர் இருக்கலாமா என்பது பெரிய ஆட்சேபமாக எழுந்தது. 2025 ஜனவரியில் பதிவு கிடைத்தது. தொழிலாளியின் விரல் கம்பெனியின் எந்திரத்தில் இருக்கலாம், கம்பெனியின் பெயர் தொழிலாளியின் சங்கத்தில் இருக்கக் கூடாது என்ற இந்தத் தர்க்கம், தங்கவயலைத் தெரிந்தவனுக்குப் புதிதாக இருக்காது.

'சுவாரஸ்யமான மனிதர்கள்' வேண்டும் என்கிறவர்களுக்கு நான் சொல்வது, லவெலையும் பிளம்மரையும் விட்டுவிடச் சொல்லி இல்லை. மாட்டுவண்டியில் போன அந்த ஐரிஷ்காரரை எனக்கும் பிடிக்கும். ஆனால் சாம்பியன் ரீஃபில் கிரீச்சிடும் அச்சு எந்திரத்தின் பக்கத்தில் நின்று புரூஃப் பார்த்த மனிதர்கள், அவரைவிட விசித்திரமான காரியத்தை, அவரைவிடக் குறைந்த பணத்தில், அவரைவிட நீண்ட காலம் செய்தார்கள். தங்கவயல் 'தமிழ'னின் இதழ்களை யாராவது முதல் இதழிலிருந்து உட்கார்ந்து படிக்க வேண்டும். கருத்துக்காக அரசியல்காரர்கள் படிப்பார்கள். நாம் படிக்க வேண்டியது அதன் உரைநடைக்காக, வாசகர் கடிதங்களுக்காக, விளம்பரங்களுக்காக, சந்தாப் பட்டியல்களுக்காக. பெயர்கள் அங்கே இருக்கும். இந்தப் பத்திரிகையை வாசிக்கும் இருநூறு முன்னூறு பேரில் ஒருவர் அதைச் செய்ய முன்வந்தால், அந்தப் பெயர்களை நகலெடுத்துத் தரும் குமாஸ்தா வேலையை நான் செய்கிறேன்.